சோலைவரி, உறுதி, ஒழுங்கை: யாழ்ப்பாணத்தில் காணி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் ஒரு வளவைப் பற்றி மூன்று இடங்களில் எழுத்து இருக்கும்: உறுதி (காணியின் உரித்துப் பத்திரம்), நில அளவைப் படம், உள்ளூராட்சி சபையின் வரிப் பதிவேடு. இந்த மூன்றும் ஒத்துப்போவது குறைவு. வேலி இவை மூன்றிலும் சேராமல் இன்னொரு கோட்டில் நிற்கும். பல வருடம் இதனால் எந்தக் கரைச்சலும் வராது. விற்க, வங்கியில் கடன் எடுக்க, பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க, வீடு கட்ட என்று போகும்போதுதான் எல்லாம் ஒரே கிழமையில் வெளியில் வரும். அப்போது வாங்குபவர் அவசரப்படுவார், உறுதி எழுதும் நொத்தாரிசு அவசரப்படுவார், கந்தோர் அவசரப்படாது. ஆறுதலாக இருக்கும் காலத்திலேயே வரிப் பக்கத்திலிருந்து தொடங்கி இவற்றைச் சரிபார்த்து வைப்பது நல்லது. அதுதான் செலவு குறைந்த வழியும்.

முதலில் எந்தச் சபை என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி என மூன்று நகர சபைகள், மிச்சமெல்லாம் பிரதேச சபைகள். பிரதேச செயலகத்தின் எல்லையும் சபையின் எல்லையும் ஒன்றல்ல. நல்லூர்க் கந்தன் கோயில் மாநகர சபைக்குள் இருக்கிறது. நல்லூர் பிரதேச சபை திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம். தேசிய அடையாள அட்டை விலாசத்தையோ கிராம சேவையாளர் பிரிவையோ வைத்து ஊகித்தால் பிழைக்கும். ஒரே ஒழுங்கையில் இந்தப் பக்கம் ஒரு சபைக்கும் எதிர்ப்பக்கம் இன்னொரு சபைக்கும் வரி கட்டும் இடங்கள் உண்டு.

சோலைவரி என்பது வீடு, காணி ஆதனங்களுக்குச் சபை அறவிடும் வரி. பிரதேச சபைக்குள் எல்லாக் காணிக்கும் அது இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டப்படி, கட்டடங்கள் நெருங்கிய பகுதி என்று பிரகடனம் செய்யப்பட்ட இடத்தில்தான் இந்த வரி அறவிடலாம். உட்கிராமத்துத் தோட்டக்காணிக்கு வரி இலக்கமே இல்லையென்றால் அது குறைபாடல்ல. ஆனால் வங்கிக்கு அது விளங்காது. ‘இந்த ஆதனம் வரி அறவிடும் பகுதிக்குள் அடங்கவில்லை’ என்று சபையிடம் ஒரு கடிதம் எடுத்து உறுதியோடு வைத்துவிடுங்கள்.

வரி எப்படி வருகிறது என்பதில்தான் கனபேருக்குக் குழப்பம். காணியின் விற்பனை விலைக்கு வரி போடுவதில்லை. அந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் ஒரு வருடத்துக்கு நியாயமாக என்ன வரும் என்று விலைமதிப்புத் திணைக்களம் கணிக்கும். அதுதான் வருடாந்தப் பெறுமதி. அதில் எத்தனை வீதம் என்பதைச் சபை தீர்மானித்து வர்த்தமானியில் அறிவிக்கும். வருடாந்தப் பெறுமதி 20,000 ரூபா, வீதம் 8 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,600 ரூபா, காலாண்டுக்கு 400. முழு வருட வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. 1,440 ரூபாவோடு அலுவல் முடியும். காலாண்டு காலாண்டாகக் கட்டுபவர், அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம் கழிவு. பழைய நிலுவை கிடந்தால் கழிவைப் பற்றிப் பேச முடியாது; கட்டும் காசு முதலில் நிலுவைக்குத்தான் போகும். ‘ஜனவரியில் முழுக்கக் கட்டினேன், கழிவு தரவில்லை’ என்று கவுண்டரில் சண்டை பிடிப்பவர்களில் அரைவாசிப் பேரின் பிரச்சினை எங்கோ கிடக்கும் ஒரு காலாண்டு நிலுவை.

மதிப்பீட்டுக் கடமைக்காரர் வந்து பார்க்கும்போது எதைக் குறிப்பார்? கட்டடத்தின் தரைப் பரப்பளவு, கூரை ஓடா சீற்றா பிளாட்டா, நிலம் சீமெந்தா ரைல்ஸா, உள்ளே குளியலறை எத்தனை, முன்னால் தார் வீதியா மண் ஒழுங்கையா, மேல் மாடி இருக்கிறதா. முன் அறையைக் கடையாக்கி விட்டிருந்தால் அந்தப் பகுதி தனியாக மதிக்கப்படும். வர்த்தகத்துக்கு வீதமும் பெரும்பாலும் கூட. பின்பக்கத்து மாட்டுக்கொட்டிலை வீட்டுப் பகுதியாகப் பதிந்துவிட்ட கேஸ்களும் உண்டு. ஆகவே வந்தவருக்கு வளவு முழுவதையும் கூட நின்று காட்டுங்கள். படலையைப் பூட்டிவிட்டுப் போனால் வெளியிலிருந்து பார்த்து எழுதுவார். அந்தக் கணிப்பு பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

புது மதிப்பீடு வந்ததும் அறிவித்தல் வரும். அதில் ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசித் திகதி இருக்கும். அந்தத் திகதிதான் முழு அலுவலுக்கும் உயிர்நாடி. தவறினால் அந்தப் பெறுமதி அடுத்த மதிப்பீடு வரைக்கும் நிற்கும். மதிப்பீடு ஐந்து வருடத்துக்கு ஒருக்கால் என்பது வழமையாகச் சொல்லப்படும் கணக்கு. யாழ்ப்பாணத்தில் போர்க்கால இடைவெளியால் பல இடங்களில் பழைய கணக்கே மிக நீண்ட காலம் ஓடியது. அதனால் புது மதிப்பீடு வரும்போது ஒரே எட்டில் பல மடங்கு ஏறும். ஏறியது என்பது மட்டும் ஆட்சேபத்துக்குக் காரணமாகாது. ‘வரி கூட, குறைத்துத் தரவும்’ என்று எழுதும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி முடியும். வீதத்தை ஆட்சேபிக்கவும் முடியாது. அது சபைத் தீர்மானம். ஆட்சேபிக்கக்கூடியது வருடாந்தப் பெறுமதியைத்தான்.

அதற்கு என்ன எழுத வேண்டும்? ஒழுங்கையின் அகலம், வாகனம் போகாதென்றால் அதைக் குறிப்பிட்டு ஒரு படம். தரைப் பரப்பளவு பிழையென்றால் சரியான அளவு, அங்கீகரித்த கட்டடப் படத்தின் பிரதி. வீட்டின் ஒரு பகுதி ஷெல்லில் இடிந்து இன்னும் திருத்தாமல் கிடந்தால் அதன் படம். எல்லாவற்றையும் விடப் பெறுமதியானது ஒப்பீடு: அதே ஒழுங்கையில் அதேயளவு வீட்டுக்கு என்ன பெறுமதி போட்டிருக்கிறது என்பது. மதிப்பீட்டுப் பட்டியலைப் பார்வையிட உங்களுக்கு உரிமை உண்டு. மூன்று, நான்கு வீட்டு இலக்கங்களைக் குறித்து வந்து கடிதத்தில் சேர்த்தால் விசாரணைக்கு இருப்பவருக்கும் வேலை இலகு. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது கையில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். விசாரணை முடியும் வரை வரியைக் கட்டிக்கொண்டே இருங்கள். குறைந்தால் பிறகு சீர்செய்வார்கள். கட்டாமல் விட்டால் ஆட்சேபத்தில் வென்றும் தண்டச் செலவு வரும். சபையின் முடிவும் சரியில்லையென்றால் நீதிமன்றம் போகலாம். ஆனால் அதற்கும் நாள் கணக்கு உண்டு; முடிவுக் கடிதம் கிடைத்த கிழமையிலேயே சட்டத்தரணியைப் பார்ப்பதுதான் புத்தி.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகள் சிக்குவது இங்கேதான். அறிவித்தல் பூட்டிய வீட்டுக்கு வரும். தபால்காரர் திருப்பி அனுப்புவார், அல்லது பக்கத்து வீட்டு அக்கா வாங்கிக் குசினித் தட்டில் வைப்பார். ஆட்சேபத் திகதி போய்விடும். சபைக்கு ஒரு கடிதம் எழுதி, ஊரில் உள்ள ஒருவரின் தபால் விலாசத்தைப் பதிவேட்டில் சேர்ப்பித்தால் இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதி தீரும். அதற்குக் காசும் இல்லை. தன் சார்பில் அலுவல் பார்க்க இன்னொருவருக்கு அற்றோர்னித் தத்துவம் கொடுத்திருந்தால் அது இலங்கையில் பதியப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டில் ஒப்பமிட்டதென்றால் இலங்கைத் தூதரகத்தின் அத்தாட்சியும் தேவை. தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அன்றோடு அது செத்தது. கொடுத்தவர் கனடாவில் காலமாகி, அதன் பிறகும் தம்பி அதே தத்துவத்தில் உறுதி முடித்துக் கொடுத்த காணிகள் இன்றைக்கு வழக்கில் நிற்கின்றன.

பதிவேட்டில் உள்ள பெயர் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சோலைவரி ரசீது உரித்துக்கு அத்தாட்சியல்ல. இருபது வருடம் கட்டியவர் என்பதால் காணி அவருடையதாகாது. நீண்டகால ஆட்சியைக் காட்டும்போது பல சான்றுகளில் ஒன்றாக ரசீதையும் வைக்கலாம், அவ்வளவுதான். மறுபக்கம், உறுதி உங்கள் கையில் இருந்தும் பதிவேட்டில் அப்பப்பாவின் பெயர் இருந்தால் கட்டட அனுமதியும் சான்றிதழ்களும் இழுபடும். ஆகவே உறுதி முடித்த கையோடு பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். வேண்டியவை: சபையின் விண்ணப்பப் படிவம், உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்தில் பதிந்ததற்கான சான்று, அடையாள அட்டைப் பிரதி, நிலுவை இல்லையெனக் காட்டும் கடைசி ரசீது. பல பேர் கடைசி ஒன்றில் திரும்பி வருவார்கள்.

சகோதரங்களுக்கிடையில் பிரிபடாமல் கிடக்கும் முதுசக் காணியென்றால் பெயர் மாற்றம் முன்னே போகாது. முதலில் பங்கு பிரிக்கும் உறுதி முடிய வேண்டும், அதற்கு எல்லாப் பங்காளிகளின் ஒப்பமும் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்கள் பங்கை வெளியாருக்கு விற்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்காளிகளுக்கும் வாரிசாகக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. முறையான அறிவித்தல் கொடுக்காமல் விற்றால், வாங்கியவர் பிறகு வழக்குப் பேச வேண்டி வரும். ‘சித்தப்பா ஒன்றும் சொல்லமாட்டார்’ என்பது அறிவித்தலாகாது.

அளவுக்கு வருவோம். ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு ஏறத்தாழ 2,722 சதுர அடி, கிட்டத்தட்ட 253 சதுர மீற்றர். 18 குழி ஒரு பரப்பு. பழைய உறுதிகளில் லாச்சம் என்று வரும். வரகு விதைப்புக் கணக்கில் அது 18 குழி, பரப்பும் அதுவும் ஒன்று. ஆனால் நெல் விதைப்புக் கணக்கில் ஒரு லாச்சம் 12 குழிதான். ஏக்கருக்கு 24 லாச்சம். இதைக் கவனிக்காமல் விலை பேசினால் மூன்றில் ஒரு பங்கு காற்றில் போகும். உறுதியில் ‘10 லாச்சம்’ என்று கண்டு 100 பேர்ச் என்று முற்பணம் கொடுப்பார்கள். அது நெல் லாச்சமென்றால் 67 பேர்ச் கூட வராது. லாச்சத்துக்குப் பக்கத்தில் வரகா நெல்லா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முன்னுறுதிகளைப் பின்னோக்கித் தேடுங்கள். முன்பு வயலாக இருந்து பிறகு வளவான காணிகளில்தான் இந்தக் குளறுபடி அதிகம்.

உறுதியின் அளவும் சேர்வேயர் அளந்த அளவும் சரியாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய அளவுகள் கண்மதிப்பு. கதியால் வேலி வருடாவருடம் கட்டும்போது அரை அடி இந்தப் பக்கம், அரை அடி அந்தப் பக்கம் என்று நடக்கும். முப்பது வருடத்தில் ஒரு நடைபாதையே போய்விடும். மதில் கட்ட முதல் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிட்டு, எல்லைக் கல் போடும் நாளில் நாலு பக்கத்து அயலவரையும் நிற்கச் சொல்லுங்கள். வேலியைத் தள்ளிக் கட்டலாம். மதிலை உடைக்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

காணியைத் துண்டாக்கி விற்பதில் சபையின் உபபிரிவு அனுமதி கட்டாயம். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகள் செல்லும் பகுதிகளில் வதிவிடத் துண்டு குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது 6 பேர்ச்சுக்குக் கிட்ட. அகலம் 6 மீற்றர். துண்டுகள் கூடக் கூட ஒழுங்கையின் அகலமும் கூட வேண்டும். காணி ஒரு ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 40 பரப்புக்கு, மேற்பட்டால் வீதி போக மிச்சத்தில் 10 வீதம் பொதுத் தேவைக்கு விட வேண்டும். அனுமதி எடுக்காமல் சேர்வேயர் படத்தோடு மட்டும் விற்கும் துண்டுக்கும் உறுதி முடியும், பதிவும் நடக்கும். அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வீடு கட்ட விண்ணப்பிக்கும்போதுதான் படம் திரும்பி வரும்.

உபபிரிவுக்குப் பிறகு வரி இலக்கத்தையும் பிரிக்க வேண்டும். இதை மறந்தால் தாய்க் காணியின் பழைய இலக்கம் பதிவேட்டில் உயிரோடு இருக்கும், அதில் நிலுவை வளரும். புது இலக்கத்துக்கு நீங்கள் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பத்து வருடம் கழித்து இரண்டும் ஒரே காணி என்று கண்டுபிடிப்பார்கள். பழைய இலக்கத்தை இல்லாமற் செய்ததற்கு எழுத்தில் ஒரு கடிதம் வாங்காமல் அந்த அலுவலை முடிந்ததாக எடுக்கக் கூடாது. வீதியின் பெயரை மாற்றியபோதும் இதே மாதிரி ஒரே வீடு இரண்டு தடவை பதியப்பட்டிருக்கலாம்.

நிலுவை ஆளைத் தொடராது, காணியைத் தொடரும். சோலைவரி அந்த ஆதனத்தின் மேல் முதல் பொறுப்பு. விற்றவர் கட்டாமல் விட்டதை வாங்கியவர்தான் கட்ட வேண்டும். கட்டாமலே விட்டால் சபை முதலில் அசையும் பொருளைக் கைப்பற்றலாம், அதுவும் போதாதென்றால் ஆதனத்தையே ஏலத்துக்கு விடலாம், கேட்பாரில்லையென்றால் சபையே எடுத்துக்கொள்ளலாம். ஆதனத்தைச் சபை எடுத்துக்கொள்ளவில்லை என்று காட்டும் கையேற்பின்மைச் சான்றிதழை வங்கிகள் கேட்பது இதனால்தான். அதோடு வீதிக்கோட்டுச் சான்றிதழும் கேட்பார்கள். வீதி அகலிப்புக்கு எவ்வளவு விட்டிருக்கிறது, கட்டடம் எங்கே தொடங்கலாம் என்பதை அது சொல்லும். முற்பணம் கொடுக்க முதல் இந்த இரண்டையும் விற்பவரைக் கொண்டே எடுப்பியுங்கள். காணி நல்ல மலிவாய் வருகிறதென்றால் பெரும்பாலும் வீதிக்கோடு முன் அறைக்குள்ளால் போகும்.

வயல் விஷயம் தனி. கமநலச் சேவை நிலையத்தின் பதிவேட்டில் நெற்காணி என்று இருந்தால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதியில்லாமல் மண் நிரப்பக் கூடாது. பக்கத்து வயல்காரர் நிரப்பினார் என்பது அனுமதியல்ல. அவருக்கும் வழக்கு வரலாம். சட்டத்தை விட்டாலும், யாழ்ப்பாணத்தில் ஆறென்று சொல்ல மழைக்கால வழுக்கையாறு ஒன்றுதான். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கிக் கந்தரோடை, சண்டிலிப்பாய் தாண்டிக் கல்லுண்டாயில் கடலேரியைச் சேரும். அதன் இருமருங்கு வயல்களிலும், குளங்களுக்குப் போகும் வாய்க்கால்களிலும் வீடு கட்டிவிட்டு ஐப்பசி கார்த்திகையில் சபையைத் திட்டி ஒன்றும் ஆகாது. 2008 நிஷா, 2020 புரெவி ஆகிய இரண்டு புயல்களிலும் தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடிப் போனது. கோடையில் காணி பார்க்காதீர்கள். கார்த்திகை மழையில் ஒருக்கால் போய்ப் பாருங்கள். முடியாதென்றால் அயல் வீட்டு மதிலில் ஈரக் கறை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

துண்டின் அளவு கிணற்றையும் பாதிக்கும். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக் கல். வெடிப்பும் துளையுமாக இருப்பதால் மலக்குழிக் கழிவு வடிபடாமலே கிணற்றுக்குப் போய்ச் சேரும். நைத்திரேற்று அதிகமான கிணறுகள் வலிகாமத்தில் நிறைய. தோட்டத்து உரமும் மலக்குழியும் இரண்டும் காரணம். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி என்பது வழமையாகச் சொல்லப்படும் இடைவெளி. ஒரு பரப்புச் சதுரத் துண்டின் பக்கம் 52 அடி. 6 பேர்ச்சென்றால் 40 அடி. உங்கள் குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் மூலைக்கு மூலை இடைவெளி பிடித்தாலும், அந்த மூலையில் அயலவரின் கிணறு இருக்கும். ஆகவே 6 பேர்ச் என்பது குழாய்த் தண்ணீர் வரும் இடத்துக்குப் பொருந்தும் அளவு. கிணற்றை நம்பியிருக்கும் ஒழுங்கையில் இரண்டு பரப்புக்குக் குறைந்ததை வாங்குவது எங்கள் கணிப்பில் சரியில்லை. பங்குக் கிணறு என்றால் அதன் பங்கும், அதற்குப் போகும் வழி வாய்க்கால் உரிமையும் உறுதியில் எழுத்தில் இருக்க வேண்டும். ‘வழமையாய் அள்ளுகிறோம்’ என்பது அடுத்த தலைமுறைக்குச் செல்லாது.

வளவில் பனை நின்றால், தறிக்க முதல் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். வீட்டுப் படம் கீறும்போதே எந்த மரம் போக வேண்டும் என்று குறித்து இரண்டையும் ஒன்றாக விண்ணப்பித்தால் அத்திவாரம் வெட்டும் நாளில் வேலைக்காரர் சும்மா இருக்க மாட்டார்கள்.

கந்தோரில் கோவை கிடைக்கவில்லை, ஐயா லீவு, அடுத்த கிழமை வாங்கோ என்று இழுபட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு சபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருப்பார். கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள்: ‘இன்ன இலக்க ஆதனத்தின் வரிப் பதிவேட்டுப் பிரதி, கடைசி மதிப்பீட்டுக் குறிப்பு, நிலுவைக் கூற்று’ என்று. ‘என் காணி பற்றிய எல்லாம்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை அங்கேயே வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதில் இல்லாவிட்டாலோ, அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதற்குப் பிறகு கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது. பற்றுச்சீட்டு எழுதும்போதே கோவை எங்கே என்று தேடத் தொடங்குவார்கள்.